வீடுகளுக்கு நடுவே ஒரு டிரைவ்-த்ரூ: குன்னூர் – கோத்தகிரி சாலை உணவகம் பற்றி

குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையில், வீடுகள் நெருங்கி நிற்கும் ஒரு வளைவை ஒட்டி, காரை விட்டு இறங்காமலே உணவு வாங்கிச் செல்லும் டிரைவ்-த்ரூ உணவகம் ஒன்று கடந்த ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. இப்போது அந்த உணவகம் இரண்டாவது வண்டிப் பாதை அமைக்கவும், நள்ளிரவுக்குப் பிறகும் திறந்து வைக்கவும் அனுமதி கேட்டிருக்கிறது. விண்ணப்பம் உள்ளூர்த் திட்டப் பரிசீலனையில் உள்ளது. அங்கே அடிக்கடி சாப்பிடுகிற வாடிக்கையாளர் என்ற முறையிலும், அதே சரிவின் மேல் வரிசையில் குடியிருப்பவள் என்ற முறையிலும் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. என் மனக்குறை முதலாளி மீதோ சமையல்காரர் மீதோ அல்ல, இத்தகைய கடைக்கு இடம் ஒதுக்கும்போது எதைப் பார்க்கிறோம், எதைப் பார்க்காமல் விடுகிறோம் என்பதைப் பற்றியது.

உணவில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேநீர் நன்றாக இருக்கிறது. மலைக்கு வருகிறவர்களுக்கு எதையாவது கொதிக்க வைத்துக் கொடுத்தால் போதும் என்று நினைக்கும் கடைகள் பல உண்டு; இங்கே தூளின் மணம் போகாத அளவுக்கு மட்டும் கொதிக்க விட்டு, இஞ்சியைத் தட்டிப் போட்டு, கேட்டால் சர்க்கரையைத் தனியாகவே தருகிறார்கள். இந்த மலையின் அடுக்கடுக்கான பிஸ்கட்டான வர்க்கி மொறுமொறுப்பு குறையாமல் வருகிறது. உருளைக்கிழங்கு வறுவலும் பொரித்த கோழியும் சூடாகக் கைக்கு வந்து சேர்கின்றன. பர்கர் சுமார்தான், அதற்காக யாரும் மலையேறி வர வேண்டியதில்லை. விலை சுற்றுலா ஊர்களுக்கே உரிய விலை. வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து, வரும் இளைஞர்கள். எவ்வளவு நெரிசலிலும் முகம் சுளிக்காமல் பேசுகிறார்கள். முட்டி வலியால் படி ஏற முடியாத முதியவரும், பின் இருக்கையில் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும் தாயும், சக்கர நாற்காலியை இறக்கி ஏற்ற வேண்டிய குடும்பமும் இந்த வசதியால் உண்மையாகவே பயன் பெறுகிறார்கள். அதை மறுப்பது நியாயமாகாது.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தக் கடை எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மதிப்புரை முழுமை பெறும். ஓர் இரவு வேளையில் வீட்டிலிருந்து இறங்கி நடந்து போய் ஜன்னலருகே நின்று இரண்டு தேநீர் கேட்டேன். உள்ளே இருந்த பையன் சங்கடத்துடன், "அக்கா, ஜன்னல்ல நடந்து வர்றவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. உள்ள கவுண்டர் எட்டு மணிக்கே மூடிடும், அதுக்குள்ள வந்திருந்தா போட்டுக் குடுத்திருப்பேன்" என்றான். வண்டிகள் நகரும் பாதையில் மனிதர்கள் நிற்பது ஆபத்து என்பதால் வைத்த விதி அது; அவன் மீது தவறில்லை. இருந்தாலும், கூப்பிடு தூரத்தில் இருக்கிறவள் அதே தேநீரைக் குடிக்க ஒரு காரை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்றால், அந்தக் கடை தெருவில் இருக்கிறதே தவிர, தெருவுக்காக இல்லை.

அடுத்து வரிசை. என் பார்வையில் விஷயத்தின் வேர் இதுதான். சாலையிலிருந்து உள்ளே திரும்பும் இடத்துக்கும் உணவு கொடுக்கும் ஜன்னலுக்கும் இடையே ஐந்து கார்கள் நிற்கலாம். ஆறாவது கார் சாலையில்தான் நிற்கும். அந்தச் சாலையின் ஒரு பக்கம் மலைச் சரிவும் மறுபக்கம் பள்ளமும் இருப்பதால் ஒதுங்கி நிற்க மண் பகுதியே கிடையாது. ஆறாவது காருக்குப் பின்னால் கோத்தகிரிப் பேருந்து வந்து நின்றுவிட்டால், ஓட்டுநர் எதிர்ப்புறத் தடத்தில் ஏறி, வளைவில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாமலே, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கடந்து போகிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அந்த நேரத்தில் பேருந்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் நடக்கிறார்கள். இன்னும் விபத்து எதுவும் நடக்கவில்லை. நடந்த பிறகுதான் இதைப் பேச வேண்டும் என்ற நிலை வரக் கூடாது என்பதற்காகவே இப்போது எழுதுகிறேன்.

இந்த வரிசையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது கடினமல்ல. ஒரு காருக்கு ஜன்னலில் சராசரியாக மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 20 கார்களுக்குத்தான் உணவு கொடுக்க முடியும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. அந்த 8,000 வண்டிகளும் இந்தச் சாலைக்கு வரப்போவதில்லை. ஆனால் நூற்றுக்கு ஒன்று மட்டும் மதிய நேரத்தில் இங்கே திரும்புகிறது என்று கொண்டால்கூட 80 கார்கள். பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் ஜன்னல் கொடுக்கக்கூடியது 60 கார்களுக்கு. மீதி 20 கார்கள் வரிசையில் நிற்கும். ஒரு காருக்கு முன் பின் இடைவெளியோடு ஆறு மீட்டர் என்றால் வரிசையின் நீளம் 120 மீட்டர். அதில் கடையின் எல்லைக்குள் அடங்குவது 30 மீட்டர்தான். மற்ற 90 மீட்டரும் வளைவைத் தாண்டி, வீட்டு வாசல்களுக்கு முன்னால் நிற்கும். உள்ளூர் வண்டிகள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இரண்டாவது பாதை வந்தால் வரிசை பாதியாகும் என்று விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறார்கள். அது பாதி உண்மை. இரண்டு இடங்களில் ஆர்டர் எடுத்தால் ஆர்டர் சொல்லக் காத்திருக்கும் நேரம் குறையும். ஆனால் அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் கொடுக்கும் ஜன்னலும் அதே எண்ணிக்கையில் இருக்கும்வரை, இரு பாதைகளும் ஜன்னலுக்கு முன்னால் ஒன்றாகச் சேர்ந்து அங்கே தேங்கும். சமையலறையை விரிவுபடுத்துவது பற்றி விண்ணப்பத்தில் ஒரு வரி கூட இல்லை.

கட்டட அனுமதி கொடுப்பவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மலை ஊர்களுக்கென்று 1993-இல் தனிக் கட்டட விதிகள் வந்தன. நீலகிரியில் 7 மீட்டருக்கு மேல் கட்டடம் உயரக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. டிரிபிள் ஏ கமிட்டி என்று ஊரில் சொல்லும் கட்டடக்கலை, அழகியல் குழுவின் பார்வைக்குப் போகாமல் பெரிய கட்டடம் எதுவும் எழும்பிவிட முடியாது. இந்த உணவகமும் அந்த அளவுகோல்களில் தேறியிருக்கிறது: தாழ்ந்த கட்டடம், சரிந்த கூரை, பச்சை வண்ணம், முன்னால் ஹைட்ரேஞ்சியாப் பாத்தி. வரைபடத்தில் பார்த்தால் யாருக்கும் மறுக்கத் தோன்றாது. ஆனால் டிரைவ்-த்ரூவின் உண்மையான பருமன் அதன் சுவர்களில் இல்லை, வாசலில் நிற்கும் வண்டிகளில் இருக்கிறது. சுவரின் உயரத்தை மீட்டர் கணக்கில் அளக்கிற விதிகள் வரிசையின் நீளத்தை அளக்கச் சொல்லவில்லை. 1940-களில் அமெரிக்காவில், அகலமான நெடுஞ்சாலைகளின் ஓரத்தில், சுற்றிலும் வேண்டிய அளவு தரை கிடைத்த இடங்களில் வளர்ந்த கடைமுறை இது. அங்கேயே மினியாபொலிஸ் நகரம் 2019-இல் புதிய டிரைவ்-த்ரூக்களுக்கு அனுமதி இல்லை என்று முடிவெடுத்தது. நடந்து போகிறவர்களின் பாதுகாப்பும், நின்றபடி ஓடும் இன்ஜின்களின் புகையும் அங்கே பேசப்பட்ட காரணங்கள். புகை நமக்கும் பொருந்தும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கிவிடுவதால், டீசல் புகை மேலே கலையாமல் கீழ் வரிசை வீடுகளின் ஜன்னல் மட்டத்திலேயே நிற்கிறது.

இரவு நேரத்தைப் பற்றிய கோரிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஆர்டர் எடுக்கும் கம்பத்தில் ஓர் ஒலிபெருக்கி பொருத்தியிருக்கிறார்கள். பகலில் அது தெருச் சத்தத்தோடு கரைந்துவிடும். இரவில், மூடுபனி இறங்கி ஊர் அடங்கிய பிறகு, "சீஸ் வேணுமா, வேண்டாமா?" என்ற கேள்வி எதிர்ச் சரிவில் இருக்கும் வீடுவரை தெளிவாகக் கேட்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்பதே வரம்பு. மேலும், மூடிய அரங்குகள் தவிர மற்ற இடங்களில் இரவில் ஒலிபெருக்கியே பயன்படுத்தக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. எனவே நள்ளிரவுக்குப் பிறகும் என்ற கோரிக்கையைப் பரிசீலிப்பவர்கள் முதலில் அந்தக் கம்பத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும். வளைவில் திரும்பும் ஒவ்வொரு காரின் முகப்பு வெளிச்சமும் கீழ் வரிசையிலுள்ள மூன்று வீடுகளின் படுக்கையறைச் சுவரில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடுகிறது. அங்கே குடியிருக்கும் ஒரு பாட்டி ஜன்னலுக்குக் கம்பளியைத் திரையாகக் கட்டியிருக்கிறார்.

இரண்டாவது பாதைக்கு இடம் எங்கிருந்து வரும் என்பது இன்னொரு கேள்வி. கடைக்குப் பின்னால் உள்ள சரிவை வெட்டித்தான் எடுக்க முடியும். ஏற்கனவே முதல் பாதைக்காக வெட்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் கருங்கல் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். அதில் தண்ணீர் வெளியேற பிளாஸ்டிக் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்தால், ஓரத்திலுள்ள குழாய்களில் தண்ணீர் சொட்டுகிறது. நடுவிலுள்ளவை மண் அடைத்து உலர்ந்து கிடக்கின்றன, சுவரின் நடுப்பகுதி மட்டும் கல் இடுக்குகளில் ஈரம் கசிந்து கறுத்திருக்கிறது. தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி அழுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. அந்தச் சுவருக்கு மேலேதான் வீடுகள் இருக்கின்றன. 1993-இல் குன்னூர் அருகே மரப்பாலம் என்ற இடத்தில் நடந்த மண் சரிவையும், 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, ஊட்டி என்று நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததையும் பார்த்த மாவட்டத்தில், ஒரு தேநீர் வரிசைக்காக இன்னொரு வெட்டு வெட்டலாமா என்பதை மண் ஆய்வு அறிக்கை இல்லாமல் யாரும் முடிவு செய்யக் கூடாது.

குப்பையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்து சாப்பிடும் கடையில் குப்பை கடையிலேயே சேரும். காரில் வாங்கிப் போகிற கடையில் அது அடுத்த சில வளைவுகளில் விழுகிறது. காகிதக் குவளையின் உட்புறத்தை நகத்தால் சுரண்டினால் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரிந்து வருகிறது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய குவளையும் உண்டு. நீலகிரியோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிளாஸ்டிக்கை ஒழிக்க முனைந்த மாவட்டம். கோழி எலும்பும் எண்ணெய்க் காகிதமும் கிடக்கிற இடத்துக்குக் கரடி வரும் என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடையின் பின்புறத் தொட்டிக்கு மூடி இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை.

பரிசீலனைக் குழு இந்தக் கடையை மூடச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது இருக்கட்டும், எட்டு மணிக்கு மூடும் கவுண்டரை ஜன்னல் மூடும்வரை திறந்து வைக்கட்டும், அப்போதுதான் தெருவுக்கும் அதில் பங்கு கிடைக்கும். ஐந்து கார்கள் உள்ளே நின்றதும் வாசலில் சங்கிலி போட்டு, அடுத்த காரைத் திருப்பி அனுப்ப ஓர் ஆளை நிறுத்தட்டும். அனுமதி ஆணையிலேயே இதை நிபந்தனையாக எழுதினால், மீறும்போது கேட்க நமக்கு ஒரு தாள் இருக்கும். ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஆர்டரைக் காகிதத்தில் எழுதி வாங்கட்டும். சுவரின் அடைபட்ட குழாய்களை இந்த மழைக்காலத்துக்கு முன்பே சுத்தம் செய்யட்டும். இரண்டாவது பாதையையும் நள்ளிரவு நேரத்தையும் மறுக்க வேண்டும்.

சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வார நாளில், காலை பதினொன்றுக்கு முன் போங்கள். காரைக் கீழே உள்ள நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, உள்ளே கவுண்டரில் வாங்கி, பின்பக்க மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தேயிலைச் சரிவு அங்கிருந்து நன்றாகத் தெரியும், தேநீரும் கண்ணாடிக் கிளாஸில் கிடைக்கும்.

அக்கம்பக்கத்தார் ஆட்சேபக் கடிதம் எழுதும்போது மறக்காமல் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. விண்ணப்பத்தோடு இணைத்திருக்கும் வண்டிக் கணக்கெடுப்பு, ஜூலை மாதத்து மழையில், ஒரு புதன்கிழமை எடுக்கப்பட்டது. அன்றைக்கு வரிசை சாலைக்கு வராததில் வியப்பில்லை. சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை, நகராட்சி ஊழியரும் தெருவாசி ஒருவரும் சேர்ந்து நின்று மறுபடியும் எண்ண வேண்டும் என்றும், அந்த எண்ணிக்கை வரும்வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.