ஏலத்தோட்டக் கேமராவும் பலகை இல்லாத சர்வீஸ் கடையும்

வீடு கம்பத்தில், ஏலத்தோட்டம் கம்பமெட்டு தாண்டி வண்டன்மேடு பக்கம். பறிப்பு நேரத்தில் ஸ்டோரிலிருந்து காய் காணாமல் போகிறது என்று போன வருடம் ஒரு கடையில் சொல்லி நாலு கேமரா மாட்டினோம். படம் அருமை, ராத்திரியில் பூனை நடந்தால்கூடத் தெரியும். ஆனால் மாட்ட வந்த பையன் நாலையும் தன் போனில், தன் கணக்கில் சேர்த்துவிட்டு எங்களுக்கு ‘ஷேர்’ மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதாவது கேமராவுக்குச் சொந்தக்காரன் அவன், நாங்கள் விருந்தாளி! காய் பிரிக்கிற பெண்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடம் வரைக்கும் ஒரு வருடமாக அவன் நினைத்த நேரத்தில் பார்த்திருக்க முடியும். பார்த்தான் என்று சொல்லவில்லை, முடியும் என்பதே போதாதா?

இதைக் கண்டுபிடித்தது கம்பத்தில் ஒரு மாடியில், பெயர்ப் பலகைகூட இல்லாமல் நடக்கிற சர்வீஸ் கடைக்காரர். ரவுட்டர் சரியில்லை என்றுதான் கூப்பிட்டேன். வந்தவர் ரவுட்டரை விட்டுவிட்டு, “அண்ணே, இந்தக் கேமராவை வேற யாரெல்லாம் பார்க்கிறாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே காசு கொடுக்கலாம்.

நாலையும் ரீசெட் செய்து என் கணக்கில் சேர்த்தார், கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றினார், ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடுகிற மென்பொருள்) அப்டேட் போட்டார் (ஒரு கேமரா ஒரு மணி நேரம் செத்துக் கிடந்தது, பயந்துவிட்டேன்). கேமராக்களுக்கு மட்டும் தனி வைஃபை. பேங்க் ஆப் இருக்கிற போன் அந்தப் பக்கமே போகாது. நம்ம ஏலக்காயைப் பார்த்து எவனுக்கு என்ன லாபம் என்றேன். படம் அவனுக்கு வேண்டாம், கேமராவுக்குள் இருக்கிற குட்டிக் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று 2016-ல் வந்த மிராய் என்ற வைரஸ் கதையைச் சொன்னார். பாஸ்வேர்ட் மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்களையும் (கேமராப் படத்தைப் பதிவு செய்கிற பெட்டி) பிடித்து, அத்தனையையும் ஒரே நேரத்தில் ஏவிவிட்டு, அமெரிக்காவில் ட்விட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் முடக்கினார்களாம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், நிஜம்தான்.

போகிற போக்கில் கங்காணியிடமும் பேசினார். 2023-ல் கோழிக்கோட்டில் ஒருவருக்குப் பழைய சக ஊழியரின் முகத்தோடு வாட்ஸப் வீடியோ கால் வந்து 40,000 ரூபாய் போனது. மறுபடி பணம் கேட்டபோதுதான் சந்தேகப்பட்டு அசல் ஆளைக் கூப்பிட்டார், அப்புறம் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குச் சொன்னார். அதனால் இனி யார் குரலில் பணம் கேட்டாலும் வைத்துவிட்டு, சேமித்த நம்பருக்கு நாமே கூப்பிட வேண்டும், ஒரு ரகசிய வார்த்தையும் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. ‘ஞள்ளானி’ என்று வைக்கலாமா என்றேன். மேட்டில் பாதிப் பேர் அந்த ஏலக்காய் ரகம்தான் போட்டிருக்கிறார்கள், ஏமாற்றுகிறவன் முதலில் அதைத்தான் சொல்லிப் பார்ப்பான் என்று சிரித்துவிட்டார்.

குறையும் உண்டு. சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் கழித்துத்தான் வந்தார், ரசீது கிடையாது, கூலி 1,500-க்கு மேல் ஜீப் வாடகை தனி. என்ன மாற்றினார் என்பதை எழுதித் தரவும் நானே கேட்க வேண்டியிருந்தது. வேண்டுமென்றால் மே மாதத்துக்குள் கூப்பிடுங்கள், மழை பிடித்துவிட்டால் மேலே ஏற மாட்டார்.