அறுபடை வீடா, பஞ்சபூதத் தலங்களா, கும்பகோணமா? குடும்பத்தோடு தலயாத்திரை செல்வோருக்கு

கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு தமிழகத் தலயாத்திரை செல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முருகனின் அறுபடை வீடுகளைச் சுற்றி வருவது ஒன்று. ஐம்பூதங்களுக்குரிய சிவத்தலங்களைத் தரிசிப்பது இன்னொன்று. கும்பகோணத்தில் தங்கிக்கொண்டு, தேவாரத்தில் பாடப்பட்ட சோழ நாட்டுச் சிவாலயங்களான பாடல் பெற்ற தலங்களுக்குப் போய் வருவது மூன்றாவது. ஞாயிறுதோறும் கோயிலில் தேவார வகுப்பு எடுப்பவன் என்பதால் பெற்றோர் பலர் இதைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. முன்பு ஒரு குழுவோடு அறுபடை வீடுகளுக்குச் சென்றிருக்கிறேன். சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் முழங்கால் வலியுள்ள என் தாயார், மனைவி, இரு பிள்ளைகள் ஆகியோரோடு கும்பகோணத்தில் தங்கினோம். என் சாய்வு கும்பகோணத்தின் பக்கம்தான். அதற்கான காரணத்தைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அறுபடை வீட்டுப் பயணத்தின் ஈர்ப்பைப் பத்துமலைத் தைப்பூசத்தோடு வளர்ந்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் சிரமம் புரியும். திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும் மதுரையை ஒட்டியுள்ளன, பழனி மேற்கே, திருச்செந்தூர் தென்கோடிக் கடற்கரையில், சுவாமிமலை கும்பகோணத்துக்கு அருகில், திருத்தணியோ சென்னையையும் தாண்டி, ஆந்திர எல்லைப் பக்கம். திருச்செந்தூருக்கும் திருத்தணிக்கும் இடையில் மட்டும் 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பழனியில் ரோப் காரும் வின்ச்சும் இருப்பதால் முதியவர்கள் 690-க்கும் மேற்பட்ட படிகளை ஏற வேண்டியதில்லை என்பது பெரிய உதவி. எனினும் நம்முடைய ஆண்டிறுதி விடுமுறை ஐயப்ப பக்தர்கள் மாலையணிந்து வரும் காலத்தோடு சேர்ந்து வருவதால், வரிசையில் நெடுநேரம் நின்றுவிட்டுச் சந்நிதியில் சில விநாடிகளே நிற்க முடிகிறது.

பஞ்சபூதத் தலங்களைப் பற்றி நான் அளவோடுதான் பேச முடியும். அந்த ஐந்தில் திருவானைக்காவும் சிதம்பரமும் நாங்கள் நேரில் கண்டவை. காஞ்சிபுரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் காளத்திக்கும் குடும்பத்தோடு சென்றதில்லை. காளத்தி ஆந்திரத்தில் இருக்கிறது என்பதும், திருவண்ணாமலைக்குச் செல்பவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலத்தையும் சேர்த்தே திட்டமிட விரும்புவார்கள் என்பதும் முதியவர்களை அழைத்துச் செல்வோர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டியவை.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது நடை சாத்தும் நேரம். பழனி போன்ற சில பெரிய முருகன் தலங்களில் நடுப்பகலிலும் தரிசனம் உண்டு. ஆனால் சிவாலயங்களில் பெரும்பாலானவை மதியம் 12 மணியை ஒட்டி நடை சாத்தி மாலை 4 மணிக்கு மேல்தான் திறக்கின்றன. பத்துமலைக்கு நினைத்த நேரத்தில் போய் வந்து பழகிய நாம், பயணத் திட்டம் போடும்போது இந்த நான்கு மணி நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. நடை சாத்தியிருக்கும் நேரத்தில்தான் வண்டியில் அடுத்த ஊருக்குப் போகிறோமே, நேரம் வீணாகவில்லையே என்று பயண ஏற்பாட்டாளர்கள் சொல்வார்கள். கணக்குப்படி அது சரிதான். ஆனால் அப்படிச் செல்லும் குடும்பம் விடியற்காலையில் பெட்டிகளைக் கட்டி, அறையைக் காலி செய்து, ஒரு கோயிலைத் தரிசித்து, உச்சி வெயிலில் வண்டியில் உட்கார்ந்து, மாலையில் அசதியோடு இன்னொரு சந்நிதியில் போய் நிற்கிறது. பிள்ளைகளுக்கு அந்தக் கோயிலின் பெயர்கூட மனத்தில் நிற்பதில்லை. கும்பகோணத்தில் தங்கியபோது காலையில் இரண்டு தலங்களைத் தரிசித்துவிட்டு அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டோம். அம்மா காலை நீட்டிப் படுத்தார். மாலை நடை திறந்ததும் தெளிந்த முகத்தோடு மறுபடியும் புறப்பட்டோம். வரும் வழியில் எதையேனும் தவறவிட்டிருந்தால், மறுநாள் காலையில் போய்க்கொள்ள முடிந்தது.

இந்த வசதி வேறு எந்த ஊரிலும் இவ்வளவு வாய்ப்பாக அமையாது. பாடல் பெற்ற தலங்களில் காவிரியின் வடகரையில் 63, தென்கரையில் 127 என்று சோழ நாட்டிலேயே பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. திருநாகேசுவரம், திருவிடைமருதூர் போன்றவை கும்பகோணத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கின்றன. தேவார வகுப்புப் பிள்ளைகளுக்கு இதனால் கிடைக்கும் பயனை நான் கண்ணால் கண்டேன். திருமுறை ஓதும் விழாவுக்காகப் பண்ணோடு மனப்பாடம் செய்த பதிகத்தை, அது பிறந்த இடத்திலேயே நின்று முழுவதுமாகப் பாடுவதற்கு அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் படிக்காசு, அதாவது அன்றாடச் செலவுக்கான காசு, அளித்தார். சம்பந்தர் பெற்ற காசுக்கு மட்டும் வட்டம் பிடித்தார்கள், அதாவது மாற்றுக் குறைவென்று மதிப்பைக் குறைத்தே வாங்கினார்கள். அதனால்தான் அவர் அந்தக் குறை (வாசி) நீங்க ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடினார். காசு வைக்கப்பட்ட பலிபீடத்தை நேரில் பார்த்த என் மகள், அப்பருக்கு மட்டும் ஏன் நல்ல காசு என்று கேட்டாள். அவர் கோயிலில் புல் செதுக்கித் துப்புரவு செய்யும் உழவாரத்தொண்டு செய்தவர் என்ற விடையை வகுப்பில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் கேள்வியாகக் கேட்டது அங்கேதான். அங்கிருந்த குருக்களிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பிள்ளைகள் பதிகம் முழுவதையும் பாடினார்கள். நகரச் சொல்லி யாரும் அவசரப்படுத்தவில்லை.

தாராசுரத்தை விட்டுவிடக் கூடாது. இரண்டாம் இராசராசன் கட்டிய அந்த ஐராவதேசுவரர் கோயிலின் அடித்தளத்தில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. குனிந்தும் உட்கார்ந்தும் பார்க்க வேண்டிய அளவில் இருப்பதால் பெரியவர்களைவிடச் சிறுவர்களின் கண்ணுக்கு அவை எளிதில் படுகின்றன. முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்ட சுந்தரரின் காட்சியை என் மகன்தான் முதலில் கண்டுபிடித்தான்.

செலவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியூர்ப் பயணத்துக்கு வண்டி அமர்த்தினால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் கணக்கிட்டுக் கட்டணமும், அதற்கு மேல் ஓட்டுநர் பேட்டாவும் கேட்பார்கள். ஆகவே திருச்சி விமான நிலையத்திலிருந்து கும்பகோணத்துக்கு ஒரு வண்டி, பிறகு அங்கேயே உள்ளூர் வண்டி என்று பிரித்துக்கொள்வது நல்லது. திருச்சிக்கு நேரடி விமானம் இருப்பதால் வரும்போதோ போகும்போதோ திருவானைக்காவையும், வழியில் தஞ்சைப் பெரிய கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். சிதம்பரம் ஒரு நாள் பயணமாகவும், சுவாமிமலை ஒரு மாலைப் பொழுதாகவும் அமைந்துவிடும். சுவாமிமலையின் 60 படிகளை அம்மா நின்று நின்று ஏறிவிட்டார்.

குறைகளும் உண்டு. டிசம்பர் தஞ்சைப் பகுதிக்கு மழைக்காலம். நனைந்த பிரகாரக் கற்கள் வழுக்கும், ஆகவே முதியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ள எப்போதும் ஒருவர் உடனிருக்க வேண்டும். சிறிய கோயில்களில் குருக்கள் வேறு கோயிலுக்கும் பொறுப்பாக இருப்பதால் நடை திறக்கும் நேரம் முன்பின் ஆகலாம். ஓட்டுநர் மூலமாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுவது நலம். சீர்காழியில் தோணியப்பரைத் தரிசிக்கப் படியேற வேண்டும்.

பழனிக்குக் காவடி நேர்ந்துகொண்ட குடும்பத்திடம் கும்பகோணத்துக்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் ஆறு வீடுகளையும் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல், பழனியையும் மதுரையை ஒட்டிய இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். பினாங்கிலிருந்து சென்னைக்குச் சென்று இறங்குபவர்களுக்குக் கணக்கு வேறு: காஞ்சிபுரமும் காளத்தியும் அவர்களுக்கு அருகில் இருப்பதால், அந்தக் குடும்பங்களுக்குப் பஞ்சபூதத் தலங்களே வசதியாக அமையக்கூடும். அவர்களும் காஞ்சிபுரத்தில் இரண்டு இரவுகளாவது தங்கும்படி திட்டமிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.