ஹட்டன்ல வாங்குன 'சுனாமி' படம்: 5க்கு 3 குடுக்கலாம்

ஜப்பான்ல வேலை செய்ற மச்சான் புது 1000 யென் நோட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான், 2024ல வந்த நோட்டு, பின்பக்கம் ஒரு பெரிய அலை, அதைப் பாத்ததுல இருந்து அந்தப் படம் வீட்டுல இருக்கணும்னு ஒரு பைத்தியம். ஹட்டன் டவுன்ல பிரேம் போடுற கடை ஒன்னுல தொங்குச்சு, 18க்கு 24 இஞ்சி, பிரேமோட 4,800 ரூபா. கடைப் பேர் போடல, கடைக்கார நானா நல்ல மனுசன்.

மஸ்கெலியா பஸ்ல மடியில வச்சே கொண்டு வந்தேன். நீலம் அருமையா வந்திருக்கு, அந்த நுரை நகம் நகமா படகு மேல குனியுறது பக்கத்துல போய் பாத்தா உடம்பு சிலுக்குது. ஹொக்குசாய்ங்கிற ஜப்பான் ஓவியர் இதை வரைஞ்சது 1831 வாக்குல, எழுபது வயசு கிட்ட. ஐரோப்பாவுல இருந்து வந்த பிரஷ்யன் நீலத்தை மரக்கட்டையில பூசி அச்சடிச்சது. நடுவுல சின்னதா ஃபூஜி மலை இருக்கு, எங்க அப்பாயி அதை இன்னொரு அலைனு நெனச்சிட்டு அப்புறம் "அட, நம்ம சிவனொளிபாத மலை மாதிரியில்ல இருக்கு"ன்னாங்க.

சரி குறைக்கு வாரேன். அசல் படம் இன்னும் அகலம், நானா பிரேம் அளவுக்கு ரெண்டு பக்கமும் வெட்டிட்டாரு, இடது மேல ஜப்பான் எழுத்துல தலைப்பு இருக்கிற கட்டம் பாதி காணோம். பின்னாடி ஹார்ட்போர்டுக்கு மூணு பக்கம்தான் டேப், நாலாவது பக்கம் சும்மா விட்டிருக்காரு, ஜூன் மழையில மிஸ்ட் உள்ள போய் வானத்துல பழுப்பு பழுப்பா பூஞ்சணப் புள்ளி. நம்ம ஊருக்கு இப்படியா பிரேம் போடுறது?

அடுத்தது அந்த ஸ்டிக்கர், 'ஜப்பான் சுனாமி'ன்னு ஒட்டியிருக்கு. பக்கத்து லயத்து அக்கா 2004 டிசம்பர்ல மாத்தறையில ஒரு வீட்டுல வேலைக்கு இருந்தவங்க, படத்தை ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது அது இல்ல தம்பி, அது இப்படி சுருண்டு வரல, கடல் மொதல்ல உள்ள போச்சு, பொறகு கருப்பா வெள்ளம் மாதிரி ஏறி வந்துகிட்டே இருந்துச்சு, நிக்கவே இல்ல"ன்னாங்க. அதுக்கு மேல பேசல, டீயையும் குடிக்காம போயிட்டாங்க.

தேடிப் பாத்தா அக்கா சொன்னதுதான் சரி. படத்தோட பேரே 'கனகாவா கடல்ல அலைக்கு அடியில'ங்கிற மாதிரிதான், சுனாமிங்கிற சொல்லே அதுல இல்ல. சுனாமின்னா ஜப்பான் மொழியில துறைமுக அலை. ஆழ்கடல்ல அது ஒரு மீட்டர் கூட உயராது, ஜெட் பிளேன் வேகத்துல போனாலும் மேல படகுல இருக்கிறவனுக்கு தெரியாது, கரைகிட்ட ஆழம் குறையும்போதுதான் வேகம் கொறஞ்சு தண்ணி குவிஞ்சு எழும்பும். படத்துல மீன் ஏத்துற மூணு படகு நடுக்கடல்ல மாட்டிகிட்டு கிடக்கு, அப்போ இது காத்துல எழும்புன அலை.

நானாகிட்ட சொன்னேன், "சுனாமின்னு போட்டாத்தான் ஆளுங்க கேட்டு வாங்குறாங்க தம்பி"ன்னாரு, ஆனா காசு வாங்காம பின்பக்கம் புதுசா அடைச்சுக் குடுத்தாரு, அதுக்குத்தான் மூணாவது ஸ்டார். வாங்குறவங்க வெட்டாம போடச் சொல்லுங்க, நாலு பக்கமும் டேப் இருக்கானு கடையிலயே திருப்பிப் பாருங்க. ஸ்டிக்கரை நான் சுரண்டி எடுத்துட்டேன், பசை மட்டும் இன்னும் போகல.