பெருமம், சிறுமம் காண ஜியோஜீப்ரா: எதுவரை நம்பலாம்?

பிளஸ் டூவில் வகை நுண்கணிதம் படிக்கிற பிள்ளைகள் போனில் வைத்திருக்க வேண்டிய செயலி ஜியோஜீப்ரா. சார்பைத் தட்டினால் அதன் வளைகோட்டை வரைந்து, பெருமம் (உச்சி), சிறுமம் (அடி) எங்கே என்று காட்டும். காசு கிடையாது. தமிழக அரசுப் பாடநூலில் வரும் இணையச் செயல்பாடுகள் பலவும் இதை வைத்துத்தான். ஆனால் சார்பைத் தட்டினால் விடை வந்துவிடும் என்று இருந்தால் மார்க் போய்விடும்.

திருப்பூரில் பனியன் அடுக்குகிற அட்டைப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். 18 செ.மீ. சதுர அட்டை. நாலு மூலையிலும் எக்ஸ் செ.மீ. சதுரம் வெட்டி மடித்தால் மூடியில்லாத பெட்டி. கொள்ளளவு எக்ஸ்(18 − 2எக்ஸ்)². இதைத் தட்டியதும் வளைகோடு நேராக மேலே ஓடி மறைந்துவிடும். செயலியில் கோளாறு இல்லை. உச்சி 432-இல் இருக்கிறது, திரை அவ்வளவு உயரம் காட்டவில்லை. அமைப்பில் செங்குத்து அச்சை மட்டும் 500 வரை மாற்றுங்கள். பிறகு வளைகோட்டைத் தொட்டால் (3, 432), (9, 0) என்ற இரண்டு புள்ளிகளும் தெரியும்.

கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். 9-ஐத் தாண்டி வளைகோடு மறுபடி ஏறுகிறது, 13-இல் 832. அதைப் பெருமம் என்று எழுதக் கை துறுதுறுக்கும். 18 செ.மீ. அட்டையில் இரண்டு பக்கமும் 13 செ.மீ. வெட்ட முடியுமா? எக்ஸ் 0-வுக்கும் 9-க்கும் உள்ளேதான் என்பது செயலிக்குத் தெரியாது. நாம்தான் வரம்பு கட்ட வேண்டும்.

மூடிய இடைவெளியிலும், அதாவது இரண்டு முனைகளும் சேர்ந்த இடைவெளியிலும், இதே கதைதான். எக்ஸ்³ − 3எக்ஸ், இடைவெளி −2 முதல் 3 வரை. தொட்டால் காட்டுவது −1-இல் 2, 1-இல் −2. இவை இடஞ்சார்ந்தவை, அதாவது அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் மட்டும் பெருமம், சிறுமம். முனைகளில் கையால் போட்டுப் பார்த்தால் 3-இல் 18. மீப்பெரு மதிப்பு அதுதான். மீச்சிறு மதிப்பு −2, அதுவும் −2, 1 என்ற இரண்டு இடங்களில்.

பெருமம், சிறுமம் கண்டுபிடிக்கச் செயலியில் எக்ஸ்ட்ரீமம் (Extremum) என்ற கட்டளையும் உண்டு. பல்லுறுப்புக் கோவை அல்லாத சார்புக்கு அந்தக் கட்டளையில் தொடக்கமும் முடிவும் கொடுத்தாக வேண்டும். நடுவில் சார்பு அறுபட்டிருந்தால் பொய்ப் புள்ளி வரலாம்.

இதன் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. சார்போடு அதன் வகைக்கெழுவையும் (வளைகோட்டின் சாய்வு) அதே திரையில் வரையுங்கள். பெட்டிக் கணக்கில் வகைக்கெழு 3-இல் கூட்டலிலிருந்து கழித்தலுக்கு இறங்குவது கண்ணால் தெரியும், அங்கே பெருமம். எக்ஸ்⁴-க்கு 0-வில் இரண்டாம் வகைக்கெழுவும் 0, அதன் குறியைப் பார்த்துப் பெருமமா சிறுமமா என்று சொல்லும் சோதனை கைவிரித்துவிடும். முதல் வகைக்கெழுவோ கழித்தலிலிருந்து கூட்டலுக்கு ஏறுகிறது, ஆகவே சிறுமம்.