டியூஷன் டீச்சரின் மேஜைக்கு ஒரு சொற்பிறப்பு அகராதி

"தி டாக் அஃப்ரெய்டு மீ." குலசேகரம் பக்கம் நான் நடத்தும் டியூஷனில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வருஷம் தவறாமல் எழுதும் வாக்கியம். நாய் என்னைப் பயமுறுத்தியது என்று சொல்ல வருகிறார்கள். அடித்துவிட்டு மேலே 'ஃப்ரைட்டன்ட்' என்று எழுதிக் கொடுத்தால் மார்க் வந்துவிடும். "ஏன் டீச்சர் அப்படி எழுதக்கூடாது?" என்று கேட்கிற பிள்ளைக்குச் சாதாரண டிக்‌ஷனரியில் பதில் கிடைக்காது. டி. எஃப். ஹோட் தொகுத்து 1986-இல் வெளிவந்த 'கன்சைஸ் ஆக்ஸ்போர்டு டிக்‌ஷனரி ஆஃப் இங்கிலீஷ் எட்டிமாலஜி'யில் கிடைக்கும்.

பயமுறுத்து, கலங்கடி என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'அஃப்ரே' என்றொரு வினை இருந்தது. 'அஃப்ரெய்ட்' அதிலிருந்து வந்த எச்ச வடிவம்தான். வினை வழக்கொழிந்து போக, எச்சம் மட்டும் தங்கிவிட்டது. பிள்ளை எழுதியது இன்றைய இலக்கணத்துக்குத் தவறு. ஆனால் அதற்குப் பின்னால் நிஜமாகவே ஒரு வினை இருந்திருக்கிறது. இதைச் சொன்ன நாளில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அகராதி இன்னும் பின்னே போகிறது. நார்மன்களின் பிரெஞ்சு வழியாக வந்த சொல் இது. அதன் அடியில் 'வெளியே' என்னும் லத்தீன் முன்னொட்டும், 'அமைதி' என்னும் ஜெர்மானியச் சொல்லும் சேர்ந்திருக்கின்றன. ஒருவரை அமைதியிலிருந்து வெளியே தள்ளுவதுதான் பயமுறுத்துவது. பெயர்ச்சொல்லாக 'அஃப்ரே' சட்டத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பொது இடத்தில் சண்டை போட்டுப் பொது அமைதியைக் குலைக்கும் குற்றம் அது: இந்திய தண்டனைச் சட்டத்தில் 159-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 194. பத்மநாபபுரம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் என் அண்ணனிடம் சொன்னேன். தினமும் டைப் அடிக்கிற சொல்லுக்குள் அமைதி இருக்கிறதா என்று புத்தகத்தை வாங்கிப் பார்த்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்கேர்'. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் இருந்து வந்தது. அதன் வேர் 'கூச்சமுள்ள, மிரளுகிற' என்ற பொருள் தரும் ஒரு பெயரடை. மிரளுவதில் தொடங்கி மிரட்டுவதில் வந்து நிற்கிறது. நம் மொழியிலும் மிரள் என்பதிலிருந்துதானே மிரட்டு? எங்கள் ஊரில் மரச்சீனி விளையைச் சுற்றிப் பழைய சேலை கட்டிக் காட்டுப்பன்றியை விரட்டுவார்கள். அதை வைத்தே 'ஸ்கேர்' நடத்தினேன், ஒரு பிள்ளையும் மறக்கவில்லை. 'ஹாரிஃபை'யும் அப்படித்தான். அதன் லத்தீன் வேருக்கு மயிர் சிலிர்த்து நிற்பது என்று பொருள். நமக்கு மயிர்க்கூச்செறிதல்.

மிரட்டித் தளரவைப்பது என்னும் பொருளுள்ள 'டாண்ட்' வேறு வகை. லத்தீனில் பழக்கி அடக்குவதைக் குறித்த வினை அது. 'மிரட்டி அடக்கு' என்னும் பொருளில் வரும் 'கௌ' பசுமாட்டோடு சம்பந்தப்பட்டது என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். ஒடுக்குதல் என்ற பொருளுள்ள நார்ஸ் வினையில் இருந்து வந்திருக்கலாம் என்கிறது அகராதி. உறுதியில்லாத இடத்தில் 'இருக்கலாம்' என்று நேர்மையாகச் சொல்வதால்தான் இதை நம்பிப் பாடம் நடத்த முடிகிறது.

குறைகளும் உண்டு. எழுத்து பொடி. நூற்றாண்டுகளை ரோமன் எண்களில் போட்டிருக்கிறார்கள். மொழிப் பெயர்கள் எல்லாம் சுருக்கக் குறிகள். முன்பக்கத்துச் சுருக்கப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து அட்டையில் ஒட்டிக்கொண்டால்தான் வேகமாகப் படிக்க வரும். உதாரண வாக்கியங்கள் கிடையாது. அதனால் பிள்ளைகள் கையில் நேரடியாகக் கொடுக்கிற புத்தகம் இது இல்லை. சொல்லின் அர்த்தம் மட்டும் வேண்டுமென்றால் வேறு டிக்‌ஷனரி வாங்குங்கள்.

ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். சொல்லின் பிறப்பு பழைய பதிப்பில் இருப்பதால் கெட்டுப்போவதில்லை. 1966-இல் சி. டி. ஆனியன்ஸ் பதிப்பித்த பெரிய ஆக்ஸ்போர்டு சொற்பிறப்பு அகராதியின் சுருக்கம்தான் இது. வீட்டில் இடமும் கையில் காசும் இருந்தால் பெரியதையே தேடுங்கள். டியூஷன் மேஜைக்கு ஹோட் போதும்.