பெட்ரோல் முள்: ஒயரை ஷார்ட் செய்து பார்ப்பதா, ஓம் அளப்பதா?

டேங்கை வழிய வழிய நிரப்பினாலும் முள் பாதியைத் தாண்டாது. என் பழைய காரில் இது தொடங்கியதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். டேங்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்க்கும் யூனிட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, அதன் நுனியைக் காரின் பாடியில் வைத்தேன். முள் ஊர்ந்து ஊர்ந்து ஃபுல்லுக்குப் போனது. டேஷ்போர்டு மீட்டரும் சரி, ஒயரும் சரி, அப்போ யூனிட்தான் போச்சு என்று புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினேன். முள் அதே பாதியில்தான் நின்றது.

ஒயரை இப்படிப் பாடியில் தொடும் ஷார்ட் சோதனையைக் குறை சொல்லவில்லை. கருவி வேண்டாம், ஒரு நிமிட வேலை, வழியில் நின்றுபோனாலும் செய்யலாம். ஆனால் மீட்டர் சூடாகிவிடும், அதிக நேரம் தொட்டு வைக்கக் கூடாது. பொறி பறக்கும் என்பதால் திறந்த டேங்க் பக்கத்தில் செய்யவே கூடாது. எதையும் பார்க்காமல் நேராக யூனிட்டை மாற்றுவது மூன்றாவது வழி. அது சோதனையே இல்லை, சூதாட்டம்.

நான் இப்போது ஓம் அளக்கும் மல்டிமீட்டர் கட்சி. காரணம் ஒன்றே ஒன்று: எர்த், அதாவது கரண்ட் காரின் பாடிக்குத் திரும்பும் வழி.

யூனிட் என்பது பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டோடு ஓம் (மின்தடை) ஏறி இறங்கும் ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். என் காரில் காலி டேங்க்குக்கு 73 ஓம், நிறைந்தால் 10 ஓம். கரண்ட் அதன் வழியாகப் போய் எர்த் ஒயரில் இறங்க வேண்டும். ஷார்ட் செய்யும்போது நாம் யூனிட்டை மட்டும் தாண்டுவதில்லை, அதன் எர்த்தையும் சேர்த்தே தாண்டிவிடுகிறோம். பிறகு பழி மட்டும் யூனிட் மேல் விழுகிறது.

டேங்க் நிறைந்திருந்தபோது, சாவியை அணைத்து, ஒயரைக் கழற்றிவிட்டு அளந்தேன். யூனிட்டின் முனைக்கும் அதன் மூடித் தகட்டுக்கும் நடுவே 11 ஓம். அதே முனைக்கும் சுரண்டிய பாடித் தகட்டுக்கும் நடுவே 36. இடையில் 25 ஓம் எங்கிருந்து வந்தது? டேங்க் ரப்பர் பட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது; எர்த்துக்கு இருப்பது ஒரே ஒரு கறுப்பு ஒயர். அதன் போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் செம்பழுப்புத் துரு, பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினேன். முள் ஃபுல்லுக்கு ஏறிவிட்டது.

எல்லாக் காரிலும் கணக்கு இப்படி இல்லை. சிலவற்றில் தலைகீழ்: காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180 ஓம். அங்கே கெட்ட எர்த் முள்ளை ஏற்றிக் காட்டும். பெட்ரோல் இருக்கிறது என்று நம்பிப் போய் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். அதனால் உங்கள் காரின் ஓம் கணக்கைத் தெரிந்துகொண்டு மல்டிமீட்டரைத் தொடுங்கள். மல்டிமீட்டர் ஒயர்களின் இரண்டு நுனிகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அந்த ஒயரின் சொந்த ஓமைக் கழித்துவிடுங்கள்.

மல்டிமீட்டரும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஃப்ளோட்டில் ஊசி ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்தால் அது அடியில் மூழ்கிக் கிடக்கும்; டேங்க் நிறைந்திருந்தாலும் 73தான் காட்டும். வெளியே எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்கும். டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் டேங்க் பக்கமே போக வேண்டாம், டேஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு முள்ளுக்கும் சீரான வோல்டேஜ் கொடுக்கும் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். யூனிட்டின் அளவு கம்ப்யூட்டருக்குப் போய் அங்கிருந்து முள்ளுக்கு வருகிற புதிய கார்களில் நான் கை வைத்ததில்லை. அவற்றில் ஷார்ட் செய்து பார்க்க எனக்குத் துணிவும் இல்லை.

கழற்றிய பழைய யூனிட்டைப் பிறகு ஒருநாள் மேசைமேல் வைத்து அளந்தேன். ஃப்ளோட்டைத் தூக்கினால் 10, இறக்கினால் 72. நடுவில் எங்கேயும் ஒரு துள்ளல்கூட இல்லை.