மின்சாணைக்குப் பலியான தாத்தாவின் சவரக்கத்தி

தாத்தா கடைசிவரை முகம் மழித்த கத்தி அது. அவர் போன பிறகு பெட்டியில் கிடந்து, அலகில் செந்துரு புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது. பழைய சவரக்கத்திகளைப் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கொடுத்தேன். "புத்தம்புதிதாக்கித் தருகிறேன்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதுமே கத்தியைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்துக் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது. கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பின் நுனியில், நகத்தளவுக்கு மயில்கழுத்து நீலம். மின்சாணைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறார். எஃகு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடு கண்டால் வரும் நிறம் அது. அவ்வளவு சூட்டில் சவரக்கத்தியின் பதம், அதாவது எஃகின் கடினம், இறங்கிவிடும். பதம் இறங்கிய இடத்தில் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

வாய்க்கு எதிர்ப்புறம் தடித்திருக்கும் முதுகையும் விட்டுவைக்கவில்லை. இந்தக் கத்தியைக் கல்லில் படுக்கவைத்துத் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லைத் தொடும். கூரின் கோணத்தை முதுகின் கனம்தான் தீர்மானிக்கிறது. அது கோணலாகத் தேய்ந்திருந்தது. அலகில் பொன்னிறத்தில் இருந்த பட்டறைப் பெயரும் போய்விட்டது. கேட்டேன். "பழைய இரும்பு அப்படித்தான்" என்று முழுக்கூலியையும் வாங்கிக்கொண்டார்.

யாரிடம் கொடுத்தாலும் சக்கரம் உண்டா, கல்லா என்று முதலில் கேளுங்கள். துருவை மட்டும் நீக்க வேண்டுமென்றால் நீங்களே செய்யலாம். அலகை மரக்கட்டையின் மேல் படுக்கவைத்து, எண்ணெய் தொட்ட மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் முதுகிலிருந்து வாயை நோக்கித் துடையுங்கள். விரல் ஒருபோதும் வாய்க்கு எதிரே போகக் கூடாது. பொன்னெழுத்தின் பக்கமே போகாதீர்கள். கறுத்த படலம் கெடுதல் செய்யாது, இருக்கட்டும்.

வேறொருவரின் முகத்தில் பட்ட கத்தி என்பதால் 70 சதவீத ஆல்கஹாலால் அலகைத் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். பிளீச்சிங் நீர் எஃகை அரித்துவிடும். செல்லுலாய்டு கைப்பிடி என்றால் நெருப்பருகே கொண்டுபோக வேண்டாம், சட்டென்று பற்றிக்கொள்ளும். அது நைந்துபோனால் கக்கும் அமில ஆவி, பக்கத்திலிருக்கும் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும், தனியே வையுங்கள். வாயில் மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் அந்தக் கத்தி முகத்துக்கு ஆகாது.

பிறகு என் கத்தியைப் பார்த்த தேர்ந்த கைக்காரர் ஒருவர், நீலம் போகும்வரை தேய்த்தால் பாதி அலகுதான் மிஞ்சும் என்றார். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன்.